ராணிக்கோட்டைக்கு வடக்கே ஒரு மோடம்

செஞ்சிக்கு வருகிறவர்கள் மலையைப் பார்க்க வருகிறார்கள். நான் அந்த மலைக்குப் பின்னால் குடியிருக்கிறேன். ஏட்டில் கிருஷ்ணகிரி, ஊர்ப் பேச்சில் ராணிக்கோட்டை. அதற்கு வடக்கே, சிங்கவரம் போகும் பாதையை ஒட்டி எங்கள் வீடு. செல்போன் டவர்கள் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம், பேருந்து நிலையத்தையும் காந்தி பஜாரையும் சுற்றி நிற்கின்றன. நடுவில் கருங்கல் பாறைகள். ரேடியோ அலை செங்கல் சுவரைத் தாண்டும், தென்னந்தோப்பைத் தாண்டும். இத்தனை கனமான கல்லை ஊடுருவாது. மலை விளிம்பில் வளைந்து, தேய்ந்து, மிச்சம் இருப்பது மட்டும் எங்கள் பக்கம் வந்து விழும். அந்த மிச்சத்தை நம்பித்தான் பல வருடம் என் பிழைப்பு ஓடியது.

எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது. கடைக்காரர்கள், அரிசி வியாபாரிகள், எண்ணெய் மில் வைத்திருப்பவர்கள் என்று பத்திருபது பேருக்கு ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கிறேன். 2017 ஜூலைக்கு முன்னால் என் வேலைக்குப் பேரேடும் கால்குலேட்டரும் போதும். அதற்குப் பிறகு எல்லாமே இணையத்தில்தான். 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20-ஆம் தேதிக்குள் வரியும் படிவமும். தவறினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிப் பணத்துக்கு வட்டி தனி. மல்லாட்டை எண்ணெய் டின் ஏற்றிய லாரி வாசலில் நிற்கும். சரக்கு தமிழ்நாட்டுக்குள்ளேயே போனாலும் 1 லட்ச ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் இ-வே பில் வேண்டும். அது வரும்வரை டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் அந்தப் படிவம் அளவில் மிகச் சிறியது. ஒரு நல்ல புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. எனக்கு வேகம் தேவைப்படவே இல்லை. நான் கேட்கும் நேரத்தில், கேட்கும் அந்த இரண்டு நிமிடமும் அறுந்து போகாமல் இருந்தால் போதும். கடையில் மோடம் விற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் அட்டைப் பெட்டியைத் திருப்பி 150 எம்.பி.பி.எஸ்., 300 எம்.பி.பி.எஸ். என்று எழுதியிருப்பதைத்தான் காட்டுவார். அந்த எண் டவருக்கு அடியில், அலைவரிசையில் வேறு யாருமே இல்லாதபோது, ஏட்டளவில் கிடைக்கும் உச்சம். நமக்கு வேண்டியது 20-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு, தெருவே போனில் படம் பார்க்கும் நேரத்தில், கிடைக்கும் தாழ்ந்த அளவு. எந்தப் பெட்டியிலும் அதை அச்சடித்திருக்க மாட்டார்கள். நாமேதான் அளந்து பார்க்க வேண்டும்.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். அந்த நாட்களில் மாதத்தின் நடுப்பகுதி நெருங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். திரையில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கினால் விரல் நடுங்கும். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் கிளம்பி, திருவண்ணாமலை ரோட்டில் டவர் கிடைக்கும் இடமாகப் பார்த்து, மூடிய கடை வாசலில் உட்கார்ந்து தாக்கல் செய்த இரவுகள் உண்டு. அடுத்தவருடைய வருமானக் கணக்கை மடியில் விரித்து வைத்துக்கொண்டு தெருவில் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. 2021-இல் திண்டிவனத்தில் வீடு பார்க்க ஆரம்பித்தேன். அட்வான்ஸ் பேச்சுவரை போய்விட்டது. அம்மாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “உன் வேலைக்கு எங்க தோதோ அங்க போப்பா. நான் இங்கயே இருந்துக்கறேன்” என்றார். அப்பா கட்டிய வீடு. அம்மாவைத் தனியே விட்டு நான் போவதா? அதன் பிறகுதான், ஒரு டவர் புள்ளி இல்லாததற்காக ஊரை விட்டுப் போகும் முன் இந்த விஷயத்தை அடியிலிருந்து கற்றுக்கொள்வது என்று உட்கார்ந்தேன்.

முதலில் கற்றது அளப்பது. போனில் தெரியும் டவர் கோடுகளை நம்ப முடியாது, ஒவ்வொரு கம்பெனி போனும் தன் கணக்குப்படி கோடு போடும். சிக்னலின் உண்மையான பலம் டி.பி.எம். என்ற அளவில் மைனஸ் எண்ணாக வரும். அதைக் காட்டும் இலவச ஆப்கள் நிறைய இருக்கின்றன. மைனஸ் 80 என்றால் நன்று. மைனஸ் 100 என்றால் ஓடும். மைனஸ் 110-க்குக் கீழே போனால் எப்போது அறுந்து விழும் என்று சொல்ல முடியாது. பத்து எண் இறங்கினால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இன்னொரு எண்ணும் உண்டு, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. பலர் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் பெரியது. பலம் குறைவாக இருந்தாலும் இரைச்சல் இல்லாத இடத்தில் இணையம் நிதானமாக ஓடும். பலம் இருந்தும் இரண்டு மூன்று டவர்களின் அலை ஒன்றோடொன்று மோதும் இடத்தில் திணறும்.

எங்கள் கூடத்தில் மைனஸ் 114, இரைச்சல் இடைவெளி 1. மோடத்தை நாங்கள் வைத்திருந்தது அங்கேதான், பீரோவுக்குப் பக்கத்தில். இரும்பு பீரோ, தடித்த சுண்ணாம்புச் சுவர், மேலே மெட்ராஸ் தளம், அதற்கும் அப்பால் ராணிக்கோட்டை. பிறகு இரண்டு சிம் போடும் போனில் வெவ்வேறு கம்பெனி சிம்களைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் மூலைக்கு மூலை நின்று பார்த்தேன். காலையில் ஒரு தடவை, வெயில் ஏறிய பிறகு ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு தடவை. தெற்கு மூலை டவர் இருக்கும் திசையாயிற்றே, அங்கேதான் நன்றாக இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். அங்கே மைனஸ் 108. வடகிழக்கு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே, எண் சட்டென்று மைனஸ் 95-க்கு ஏறியது. இடைவெளி 14. போன் வேறொரு டவரைப் பிடித்திருந்தது. ஊருக்குள் இருப்பதைவிட இரண்டு மடங்கு தூரத்தில், வடக்கே வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும் டவர் அது. தொலைவு கூடுதல், ஆனால் இடையில் பாறை இல்லை. பக்கத்து டவருக்காகவே ஏங்கிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்கு, உண்மையில் உதவக்கூடியது அதுவரை நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத திசையில் இருந்தது. அரசின் தரங் சஞ்சார் இணையதளத்தில் நம் வீட்டைச் சுற்றியுள்ள டவர்களைப் பார்க்கலாம். திசை தெரியாமல் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பவர்கள் முதலில் அதைப் பார்ப்பது நல்லது.

அடுத்து பேண்ட். சிம் போடும் மோடம் வாங்குகிறவர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான், ஆனால் கடையில் இதைக் கேட்பவர்கள் அபூர்வம். ஒரே 4ஜி என்றாலும் கம்பெனிகள் பல அலைவரிசைகளில் அனுப்புகின்றன. 2300 மெகாஹெர்ட்ஸ், அதாவது 40-ஆம் பேண்ட், நிறையச் சுமக்கும், ஆனால் தடங்கல் வந்தால் சீக்கிரம் தேயும். 1800 நடுத்தரம். 850, 900 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் குறைவாகச் சுமந்தாலும் மேட்டைச் சுற்றி வளைந்து, சுவருக்குள் நுழைந்து வரும். மலை மறைப்பில் இருக்கிற வீட்டுக்கு இந்தத் தாழ்ந்த அலைதான் கைகொடுக்கும். இப்போது பி.எஸ்.என்.எல். 4ஜி-யும் 700 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, அது இன்னும் தாழ்ந்தது. சிக்கல் என்னவென்றால், வெளிநாட்டுச் சந்தைக்கென்று செய்த மோடங்கள் இங்கே இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ஐரோப்பாவுக்குச் செய்ததில் 20-ஆம் பேண்ட் இருக்கும், அது நம் நாட்டில் 4ஜி-க்குப் பயன்படுவதில்லை. நமக்கு வேண்டிய 5-ஆம் பேண்ட், அதாவது 850, அதில் இல்லாமல் போகலாம். சிம் போட்டால் வேலை செய்யும். நகரத்தில் குறையே தெரியாது. எங்கள் தெருவுக்கு வந்தால் மட்டும் ஊமையாகிவிடும். அதனால் பெட்டியின் பின்புறத்தில் 1, 3, 5, 8, 28, 40 என்ற எண்களைத் தேடிப் பார்த்தே வாங்கவேண்டும். ஒரே கம்பெனி சிம்மை மட்டும் ஏற்கும் பூட்டுப் போட்ட மோடமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5ஜி-யைப் பற்றியும் கேட்கிறார்கள். 2022 அக்டோபரில் நாட்டில் 5ஜி தொடங்கியது. 2023-இல் ஏர்ஃபைபர் என்று வீட்டுக்கு வெளியே பெட்டி மாட்டிக் கொடுக்கும் இணைப்புகள் வந்தன. டவரைக் கண்ணால் பார்க்கக்கூடிய வீடுகளுக்கு அது நல்ல வழி. ஆனால் 5ஜி-யின் வேகம் பெரும்பாலும் வருவது 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. என் வீட்டில் 2300-க்கே மூச்சு முட்டுகிறது, அதில் இது எடுபடாது. பஜாரில் கடை வைத்திருக்கும் நண்பருக்கு அதையே வாங்கச் சொன்னேன், அவர் நிம்மதியாக இருக்கிறார். ஒரே ஊரில் இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருவருக்கு இரண்டு பதில். இன்டர்நெட்டில் யாரோ ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள் என்பதற்காக ஒரு மோடத்தை வாங்குவதில் எனக்கு நம்பிக்கை போனது இதனால்தான். அவர் வீட்டுக்குப் பின்னால் என்ன மலை இருந்தது?

அதுவரை நாங்கள் வைத்திருந்தவை எல்லாம் கையடக்கமானவை. முதலில் யூ.எஸ்.பி. டாங்கிள். பிறகு பேட்டரியோடு வரும் சின்ன ஹாட்ஸ்பாட். அது பயணத்துக்கு ஏற்றது, வீட்டில் இருபத்து நான்கு மணி நேரமும் சார்ஜில் செருகி வைப்பதற்கு ஆனதல்ல. ஒரு கோடையில் அதன் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. திறந்தால் உள்ளே பேட்டரி உப்பிப் போயிருந்தது. குழந்தை தூங்கும் அறையில் அதை வைத்திருந்தோம் என்று நினைத்தால் இன்றும் பகீரென்கிறது. வீட்டில் நிலையாக வைக்கும் கருவிக்குள் பேட்டரி இருக்கக்கூடாது, நேராக மின்சாரத்தில் ஓடவேண்டும், காற்றோட்டத்துக்குத் துளைகள் இருக்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கடைசியில் வாங்கியது வெளிப்புறத்தில் மாட்டும் 4ஜி மோடம். உள்ளே மோடத்தை வைத்து, மாடியில் ஆண்டெனா நட்டு, வயர் இழுக்கலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். அந்த மெல்லிய ஆண்டெனா வயர் பத்து மீட்டர் ஓடினால் வந்த சிக்னலில் பாதிக்கு மேல் வயரே தின்றுவிடும். மோடத்தையே மாடிக்குக் கொண்டுபோய்விட்டால் அந்த நஷ்டம் இல்லை. அங்கிருந்து கீழே இறங்குவது சாதாரண நெட்வொர்க் வயர், நூறு மீட்டர் வரை தகவல் குறையாமல் வரும், மோடத்துக்கு மின்சாரமும் அதே வயரில் மேலே ஏறும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் நட்டு வடகிழக்கு பார்த்து மாட்டினோம். குழாய்க்கு எர்த் கொடுத்தோம், இடி மின்னலுக்கு இது கட்டாயம். செஞ்சியில் இன்னொன்றும் கட்டாயம். கோட்டைக் குரங்குகள் எங்கள் தெரு மாடிகளுக்குத் தவறாமல் வரும். டிஷ் வயரையெல்லாம் பிடித்து ஊஞ்சலாடிப் பிய்த்துப் போடும். நெட்வொர்க் வயர் முழுவதையும் பி.வி.சி. பைப்புக்குள் விட்டு, ஒவ்வொரு அடிக்கும் கிளாம்ப் அடிக்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் இத்தனை கிளாம்ப் எதற்கு என்றார். அடுத்த வாரம் அவரே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாதம் 20-ஆம் தேதி நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. திண்டிவனத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவர் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

2022-இன் பிற்பாதியில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்தது. கேபிள் டிவி கொடுத்துக்கொண்டிருந்தவரே இழுத்துக் கொடுத்தார். இணைப்பு கொடுக்க வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். திண்ணையில் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் ஒரு மஞ்சள் பெட்டியைத் திறந்து வைத்தான். கறுப்பு வயரின் தோலை உரித்தான். உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. ஸ்பிரிட் நனைத்த துணியால் அதை ஒரே இழுப்பில் துடைத்தான், ஒரு சின்னக் கருவியில் வைத்து நுனியைத் துல்லியமாக வெட்டினான், இரண்டு நுனிகளையும் பெட்டிக்குள் எதிரெதிரே படுக்க வைத்து மூடினான். திரையில் இரண்டு தூண்கள் மாதிரி அந்த நுனிகள் பெரிதாகத் தெரிந்தன, மெல்ல நெருங்கின, ஒரு பொறி, ஒன்றாகிவிட்டன. 0.02 என்று எண் வந்தது. “இவ்ளோதாண்ணா லாஸு. ஜாயிண்டு நல்லா இருந்தா லைன் நிக்கும், இல்லன்னா எந்த ரவுட்டர் வாங்கியும் பிரயோஜனம் இல்ல” என்றான். நான் படித்துத் தெரிந்துகொண்டதையெல்லாம்விட அந்தப் பையனின் கைகளைப் பார்த்துக் கற்றது அதிகம்.

ஃபைபருக்கும் ஓர் எண் உண்டு, அதையும் அவனே காட்டினான். சுவரில் மாட்டும் ஓ.என்.டி. பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் பலம். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தொட்டால் பெட்டி கேட்கும் திறனின் விளிம்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மழையில் எங்கோ ஜாயிண்டில் ஈரம் இறங்கினால் சிவப்பு விளக்கு எரியும். இணைப்புக் கொடுத்த அன்றே அந்த எண்ணைக் கேட்டு சுவரில் எழுதி வைத்துவிடுங்கள். பிறகு நெட் போகும்போது “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்ற பதிலோடு நிற்க வேண்டியதில்லை, “தம்பி, 19 இருந்தது, இப்ப 26 காட்டுது, வந்து பாரு” என்று சொல்லலாம். ஆள் உடனே வருகிறார், நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஃபைபர் வந்த பிறகு மாடி மோடத்தைக் கழற்றிவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். எங்கள் பக்கம் ஃபைபர் தலைக்கு மேலே மின்கம்பங்களில் ஓடுகிறது. கரும்பு லாரி உயரமாக வந்தால் அறுக்கும், வைக்கோல் வண்டி அறுக்கும், புளியமரக் கிளை விழுந்தால் அறுக்கும். அதனால் இரண்டையும் வைத்துக்கொள்ள, ஃபைபர் வயர் ஒரு துளையிலும் மாடி மோடத்தின் வயர் இன்னொரு துளையிலும் செருகும் ரவுட்டர் ஒன்று வாங்கினேன். முதலாவது செத்தால் தானாகவே இரண்டாவதுக்கு மாறும், முதலாவது வந்தால் தானாகத் திரும்பும். வீட்டுக்கு ரவுட்டர் வாங்கும்போது மற்றெந்த வசதியையும்விட நான் பார்ப்பது இதைத்தான். இதற்கு ஆகும் அதிகச் செலவு, ஒரு மாதம் தாமதக் கட்டணம் கட்டும் வியாபாரி என்மேல் இழக்கும் நம்பிக்கையைவிடக் குறைவு.

இரண்டு வழி வைத்தால் மட்டும் போதாது, இரண்டும் வெவ்வேறு வழியாக வரவேண்டும் என்பது பிறகு புரிந்தது. ஊரில் ஒருநாள் சாலை வேலைக்குத் தோண்டியதில் தரைக்கடியில் போன ஃபைபர் அறுந்தபோது, கேபிள்காரரின் இணைப்பும் போனது, அதே தடத்தை நம்பியிருந்த செல் டவர்களும் போயின. பஜாரில் இரண்டு கம்பெனி இணைப்பு வைத்திருந்த கடைகளிலும் கார்டு தேய்க்க முடியவில்லை. என் வடக்கு டவர் மட்டும் நின்றது. காரணம் தெரிய அதன் அடிவரை போய்ப் பார்த்தேன். நீளவாக்கில் தொங்கும் ஆண்டெனாக்களோடு, வட்டமான வெள்ளை டிரம் ஒன்று பக்கவாட்டில் மாட்டியிருந்தது. மைக்ரோவேவ் இணைப்பு, வயரே இல்லாமல் இன்னொரு டவரிலிருந்து அதற்குத் தகவல் வருகிறது. அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயம். இரண்டாவது சிம் எந்தக் கம்பெனி என்று தீர்மானிக்கும் முன் டவரை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், கேபிள்காரரிடம் உங்களுக்கு மேலே லைன் எந்த ரோட்டில் வருகிறது என்று கேளுங்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதனால்தான் பலரும் நல்ல ரவுட்டரைக் குறை சொல்கிறார்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்ணிமைக்கும் நேரம் விளக்குக்குத் தெரியாது. ரவுட்டர் அணைந்து, மறுபடி எழுந்து, இணைப்பு பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பாதிப் படிவம் போயிருக்கும். 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஒன்றை ஓ.என்.டி.க்கும் ரவுட்டருக்கும் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை முடிந்தது. வாங்கும்போது ரவுட்டரின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 9 வோல்ட் கருவியில் 12 வோல்ட் செருகிக் கருகிய ரவுட்டரை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. எங்கள் தெருவில் முதலில் கரண்ட் போனது, நள்ளிரவில் மரம் சாய்ந்து ஃபைபர் போனது. மாடி மோடம் விடியும்வரை தாங்கியது. அந்த நேரத்தில் சென்னையில், பெங்களூரில் இருந்த பிள்ளைகளுக்குத் தெருவே எங்கள் வீட்டு வைஃபையில் பேசியது. கூடத்தில் ஈரத் துணியோடு வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு நிமிடம். அடுத்த நாள் மதியம் டவரின் பேட்டரியும் தீர்ந்து அதுவும் அடங்கியது. எந்தப் பெட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் அந்த சில மணி நேரத்தில் பேச முடிந்தவர்களின் முகங்களைப் பார்த்தபோது, இது என் தொழிலுக்காக மட்டும் செய்தது இல்லை என்று தோன்றியது.

வீட்டுக்குள்ளே செய்தது சொற்பம். ரவுட்டரை பீரோ பக்கத்திலிருந்து எடுத்து, நடுக்கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் மாட்டினேன். தடித்த சுவருக்கு அப்பால் இருக்கும் என் வேலை அறைக்கு வைஃபையை நம்பாமல் வயரே இழுத்துவிட்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே, பக்கத்து வீட்டில் எது ஓடுகிறதோ அதை விட்டு வேறொன்றில் வைத்தேன். முக்கியமாக, ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றினேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க ரவுட்டர்களையும் கேமராக்களையும் கைப்பற்றியது, மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள் வழியாகத்தான். அடுத்த ஆண்டே நம் நாட்டிலும் பழைய பாஸ்வேர்டிலேயே ஓடிய பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. பத்திருபது பேருடைய வரிக் கணக்கு என் மேஜையில் இருக்கிறது. கதவைப் பூட்டாமல் தூங்க முடியாது. புதிய பதிப்புகளைத் தொடர்ந்து கொடுக்கும் கம்பெனியா என்று பார்த்து வாங்குவதும் இதற்காகத்தான். தயாரிப்பை நிறுத்திவிட்ட பழைய மாடல் பாதி விலைக்குக் கிடைத்தாலும் நான் வேண்டாம் என்பேன்.

இப்போது தெருவில் யாராவது மோடம் வாங்கவேண்டும் என்றால் என்னிடம் வருகிறார்கள். மாடல் பெயர் கேட்கிறார்கள், நான் போனை எடுத்துக்கொண்டு அவர்கள் மாடிக்குப் போகிறேன். மேலச்சேரி பக்கம் ஒரு வீட்டில் எந்த மூலையில் நின்றும், எந்த சிம்மிலும் மைனஸ் 115-ஐத் தாண்டவில்லை. பிளஸ் டூ படிக்கும் பெண் இருக்கிறாள், நீட் தேர்வுக்குத் தயாராகிறாள். ஃபைபரும் அந்தக் கோடிக்கு இன்னும் வரவில்லை. எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், பணம் வீண் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு இறங்கியபோது எனக்கு மனசே சரியில்லை. வாங்குகிறவர் சாமர்த்தியத்தால் ஆகாத இடங்கள் இருக்கின்றன. அங்கே டவரோ ஃபைபரோ வந்தாகவேண்டும்.

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். எங்களுக்கெல்லாம் அதில் பெருமை. மலை மேல் டவர் வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அந்த 300 மீட்டருக்கு வெளியே, வடக்குப் பக்கம், புறம்போக்கு நிலம் இருக்கிறது. அங்கே ஒரு டவர் வேண்டும், கிராம ஊராட்சிகளுக்கு அரசு கொண்டுவரும் ஃபைபர் ஊராட்சி அலுவலகத்தோடு நிற்காமல் கடைசித் தெருவரை வர வேண்டும் என்று விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம். மனுவோடு நான் அளந்த எண்களையும் வீடு வாரியாக எழுதி இணைத்திருக்கிறேன். மேலச்சேரி வீடுதான் அதில் முதல் வரிசை.